சாப்பிடச் சாப்பிட மெலிந்தவள்

சென்ற மாதம் நாம் பழைய வகுப்புக்காரிகள் கூடிச் சாப்பிட்டோமே, அன்று உங்களில் ஒருத்தியின் பேரன் மேசைக்கடியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் இன்னொருத்தி என்னைக் கேட்டாள்: "ஒங்க அக்கா கூட அந்தக் காலத்துல ஒரு கேம் செஞ்சாங்கல்ல? அதுல ஒரு பொம்பள வருவாளே, அவ பேரு என்னா?" மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறக்கவில்லை. அவள் பெயர் லாப்பார். மலாயில் பசி. அவள் எங்கிருந்தெல்லாம் வந்தாள் என்பது இன்று என்னைத் தவிர இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஆகவே எழுதிவிடுகிறேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அப்போது உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்காவை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு என்னைக் கூட்டிப்போக வருவாள். நல்ல உயரம், கொஞ்சம் பூசின உடம்பு, ஓயாத வாய். அவள் அப்போது படிவம் நான்கு, பதினாறு வயசு. நாங்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருந்தோம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு கழிவறை. அறைக் கட்டிலில் நானும் அக்காவும், கூடத்தில் அப்பாவும் அம்மாவும். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குக் கடல்மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலை முடிந்து வந்ததும் அன்று எத்தனை தூண் எழுந்திருக்கிறது என்று அப்பா சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அக்காவின் வகுப்பில் ஒரு சீனப்பெண் உயிர்த்தோழி. அவளுடைய அப்பா கெம்பல் ஸ்ட்ரீட்டில் நகைக்கடைக்கு மேல்மாடியில் தட்டச்சு வகுப்பு நடத்தினார். அந்த வருஷம் எங்கிருந்தோ இரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டிருந்தார். சாயங்காலம் மாணவர்கள் போனபிறகு ஒன்றைப் பெண்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி. சனிக்கிழமைகளில் என்னையும் அக்கா இழுத்துக்கொண்டு போவாள். அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும் தட்டச்சு ரிப்பனின் மை வாசனையும் கலந்து வரும். ஃபிளாப்பியைப் பெட்டியின் வாய்க்குள் செருகி மூடியைத் தட்டினால், உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பயம். அக்காவுக்கு அதுதான் பிடித்த சத்தம்.

முதலில் அவர்கள் செய்ய நினைத்தது பேயரசனை வைத்து ஒரு விளையாட்டு. ஏழாம் மாதம் பிறந்திருந்தது. சீனர்கள் பசித்த பேய்களுக்குப் படைக்கும் மாதம். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பசார் பக்கத்தில் கொட்டகை போட்டு, இரண்டு ஆள் உயரத்துக்குக் காகிதத்தில் பேயரசனை நிறுத்தியிருந்தார்கள். நீல முகம், பிதுங்கிய கண். அவன் காலடியில் மேசை மேசையாகப் பன்றியும் கோழியும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பு அப்பங்களும். எதிரே கூத்து மேடை. மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நான் ஓடிப்போய் ஒன்றில் உட்காரப் பார்த்தேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அது அவுங்களுக்கு," என்றாள். அவளும் அக்காவும் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"யாருக்கு?"

"பேய்ங்களுக்கு. அதுங்களுக்கு வயிறு மேளம் மாதிரி இருக்கும். தொண்டை ஊசி மாதிரி. என்னா குடுத்தாலும் உள்ள போவாது. வாய்கிட்ட கொண்டு போனா நெருப்பாயிரும்."

அக்கா நின்றுவிட்டாள். "நெருப்பா?"

"ஆமா. சோறு நெருப்பாயிரும்."

"எங்க கதையிலயும் அப்படி ஒண்ணு இருக்குலா," என்று அக்கா சொன்னாள். அங்கேயே, ஊதுபத்திப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை சொன்ன பழங்கதை. வானத்தில் பறக்கும் குலத்துப் பெண் ஒருத்தி, கணவனோடு தென்திசைக்கு வந்து ஓர் ஆற்றங்கரையில் இறங்குகிறாள். அங்கே ஒரு முனிவர் பனங்காய் அளவு நாவற்பழம் ஒன்றை இலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழுக்கும் பழம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அவர் சாப்பிடுவார். அவள் தெரியாமல் அதைக் காலால் மிதித்துவிடுகிறாள். அவர் சபிக்கிறார். அன்றிலிருந்து அவள் வயிற்றில் யானைத்தீ என்கிற நோய். மலைபோல் சோறு தின்றாலும் பசி அடங்காது. பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது.

"யானைத்தீ," என்று தோழி சொல்லிப் பார்த்தாள். 'ழ' வராத வாய்க்கு அந்தச் சொல் சுலபமாக வந்தது. "அவ தெரியாமத்தானே மிதிச்சா?"

"தெரியாமத்தான்."

"அப்புறம் எதுக்கு சாபம்?"

"அதான் கேட்டேன். டீச்சர் ஒக்காருன்னு சொல்லிட்டாங்க."

அந்த இடத்தில்தான் லாப்பார் பிறந்தாள். பேயரசனை விட்டுவிட்டார்கள். அக்கா கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கினாள். ஒரு கட்டம் என்றால் திரையில் ஒரு புள்ளி. பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பி ஒரு பெண்ணை வரைந்தாள். பிதுங்கிய கண்கள் பேயரசனிடமிருந்து வந்தன. முழங்கால்வரை விரிந்த கூந்தல் கதைப்பெண்ணுடையது. இரண்டு கையிலும் பையோடு ஒருபக்கம் சாய்ந்து நடக்கும் நடை பசாரிலிருந்து திரும்பும் எங்கள் அம்மாவுடையது. அதை வரையும்போது இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நிறங்கள் நாலைந்துதான். அவளுக்கு ஊதாச் சேலை கட்டினார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் அவள் நடந்து போவாள். மேலேயிருந்து ரொட்டி, வாழைப்பழம், கோழிக்கால் எல்லாம் விழும். வாயைத் திறந்து பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு கட்டம் குண்டாவாள். நடைபாதையை அடைக்கிற அளவு குண்டானால் விளையாட்டு முடிந்தது. நீங்கள் சிலபேர் ஒரு சனிக்கிழமை வந்து விளையாடியது இதைத்தான்.

செப்டம்பர் கடைசியில் அக்காவுக்குப் பசி வந்தது.

இதை எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று தட்டுச் சோறு சாப்பிடுவாள். அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள். அப்பா, "வளர்ற புள்ள, சாப்புடட்டும்," என்றார். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மறுநாள் காலைக்கு வைத்திருந்த ரொட்டி முழுவதையும் தின்றாள். அப்பாவுக்கு எடுத்து வைத்த மீனைத் தின்றாள். தண்ணீரைக் குவளையில் குடிக்க மாட்டாள். கொதிக்க வைத்து ஆற வைத்த கெட்டிலையே தூக்கிக் கவிழ்ப்பாள். விடிவதற்குள் நாலைந்து முறை எழுந்து என்னைத் தாண்டிக் கழிவறைக்குப் போவாள்.

அவ்வளவு தின்றும் அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊக்கு குத்திக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் இன்னொரு ஊக்கு.

அம்மா கெட்டவள் இல்லை. உங்களில் பலபேர் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவளுக்குத் தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள், அவ்வளவுதான். முதலில் பூச்சி என்று நினைத்துப் பூச்சி மருந்து கொடுத்தாள். பிறகு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து உட்கார்ந்து, "அந்தச் சீனப் புள்ளகூடப் போயி பேய்க்கு வச்சத தின்னுச்சா?" என்று கேட்டாள். தின்றிருந்தாள். படையல் முடிந்ததும் தோழியின் வீட்டில் இளஞ்சிவப்பு அப்பம் பங்கு கொடுத்தார்கள், நானும்தான் தின்றேன். அம்மா என்னைக் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரியிடம் மந்திரித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டி வந்தாள்.

கயிற்றைப் பார்த்துத் தோழி அழுதேவிட்டாள். "நான் குடுத்ததுதான் காரணமா?"

"பைத்தியமா நீ," என்றாள் அக்கா. "சும்மா கட்டியிருக்காங்க. வா, அவளப் பாக்கணும்."

அவள் என்றால் லாப்பார். அந்த வாரம் அக்கா நிரலை மாற்றிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ரொட்டி விழுந்தது, லாப்பார் வாயைத் திறந்து பிடித்தாள், ஒரு கட்டம் மெலிந்தாள். வாழைப்பழம், இன்னொரு கட்டம் மெலிந்தாள். தோழி தவறு நடந்துவிட்டது என்று நினைத்து விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"தப்பு இல்ல. அப்படித்தான் வச்சிருக்கேன்."

"சாப்புட்டா எப்படி மெலிவா?"

"அவளுக்கு அப்படித்தான்."

கடைசியில் லாப்பார் ஒரு கட்ட அகலத்துக்கு வந்தாள். ஊதா நிறத்தில் ஒரு கோடு, அதன் உச்சியில் இரண்டு கண். இன்னொரு கோழிக்கால் விழுந்தது. பிடித்தாள். திரை காலியாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. தோழிக்குக் கோபம் வந்தது. கதைக்கு நல்ல முடிவு இருக்கிறதே, அதை வை என்றாள். ஆசிரியை சொன்ன கதையில், அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரத்தோடு ஒரு பெண் வருகிறாள். அவள் கையால் ஒரு பிடி வாங்கிச் சாப்பிட்டதும் யானைத்தீ அணைந்துபோகிறது. தோழியின் வீட்டுச் சாமிமேடையிலும் பசித்த பேய்களைக் கரையேற்றுகிற அம்மன் உண்டு. இரண்டும் ஒன்றுதான், அவளை வை, கடைசியில் அவள் வந்து சோறு கொடுக்கட்டும் என்று தோழி கெஞ்சினாள்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்கு அப்போதெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்கும்.

"டீச்சர் அதோட நிறுத்திட்டாங்க. நான் லைப்ரரியில முழுசா படிச்சேன். பசி போனதும் அவளுக்கு மந்திரம் ஞாபகம் வந்துருது. புருஷன் ஊருக்குப் பறந்து போறா. போற வழியில ஒரு மலை. அந்த மலைக்கு மேல பறக்கக் கூடாது. அங்க காவலுக்கு ஒரு தேவி இருக்கா. இவ நெழலப் புடிச்சுக் கீழ இழுத்து, முழுங்கிடுறா."

"முழுங்கிடுறாளா?"

"வயித்துக்குள்ள போட்டுக்கிட்டா. பன்னெண்டு வருசம் பசியில கெடந்துட்டு, ஒரு வேள சாப்புட்டுட்டு, இன்னொருத்தி வயித்துக்குள்ள போயிட்டா. அப்புறம் எதுக்குக் காப்பாத்துனாங்க?"

அக்கா ஃபிளாப்பியை வெளியே எடுத்து உறையில் போட்டாள். அவர்கள் இருவரும் பேசாமல் பிரிந்த ஒரே நாள் அது.

அக்கா தன்னைத்தான் வரைந்தாளா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியாது. பதினாறு வயசுப் பெண் கதையை யோசித்தாளா, உடம்பை யோசித்தாளா என்று இப்போது நான் சொன்னால் அது என் புளுகு. ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது, தன் மணிக்கட்டை இன்னொரு கையின் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

அக்டோபரில் அம்மா தீபாவளிப் பலகாரம் சுடத் தொடங்கினாள். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. எல்லாம் பிஸ்கட் டின்களில் அடைத்து வலையடித்த அலமாரியில் ஏற்றினாள். ஒரு நாள் டின்னைத் திறந்தபோது நெய் உருண்டை பாதிதான் இருந்தது. அம்மா அலமாரிக்குப் பூட்டு வாங்கினாள். சாவி தாலிக்கொடியில் தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு இரண்டு கரண்டி அளந்து வைத்தாள். "போதும். பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆகாது. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போனா என்னாத்த சொல்லுவாங்க?" அக்கா தட்டை வழித்துவிட்டு என் தட்டைப் பார்ப்பாள். நான் பாதியை அவள் தட்டுக்குத் தள்ளுவேன். அம்மா என் கையில் அடிப்பாள்.

அந்த நாட்களில் கழிவறையில் எறும்பு மொய்த்தது. தரையில் கறுப்பாக வரிசை வரிசையாய். அம்மா எங்களைத்தான் திட்டினாள், கக்கூசுக்குள் உட்கார்ந்து பலகாரம் தின்றது யார் என்று. டெட்டால் ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் எறும்பு. இன்னொரு விஷயமும் உண்டு. கட்டிலில் பக்கத்தில் படுத்தால் அக்காவின் மூச்சில் பழுத்துக் கனிந்த அன்னாசி வாசனை அடித்தது. எனக்குத் தெரியாமல் பழம் வாங்கித் தின்கிறாள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு துண்டு வச்சிருக்கலாம்ல."

"என்னா துண்டு?"

"அன்னாசிப்பழம்."

"ஐயோ, அத ஏன் ஞாபகப்படுத்துற," என்றாள். உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு. ஜில்லுன்னு ஏதாச்சும் கெடச்சா உசுரு வரும்."

அடுத்த நாளிலிருந்து நான் கொண்டு வந்தேன். அடுக்குமாடிக்குக் கீழே ஓர் அங்கிள் சிராப் தண்ணீர் விற்பார். ரோஜா நிறத்தில், ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி உறிஞ்சியைச் செருகித் தருவார். என் பள்ளிக்கூடக் கைக்காசில் நான் எதுவும் தின்னாமல் தினம் ஒரு பை, சில நாள் இரண்டு பை. "சீனி ஜாஸ்தியா போடுங்க அங்கிள்," என்று கேட்டு வாங்குவேன். உங்களில் ஒருத்தி அப்போது கேட்டாள், ஓய்வு நேரத்தில் நீ ஏன் கேண்டீனுக்கு வருவதில்லை என்று. இதுதான் காரணம். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. கீழ் மாடியில் இறங்கிப் படியேற வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் ஓடுவேன். அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் உறிஞ்சுவாள். பிறகு என் தலையைப் பிடித்து முத்தம் கொடுப்பாள். "நீ மட்டும் இல்லன்னா நான் செத்துருப்பேன்டி."

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் எடுத்தாள். வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மறுபடி வந்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஆன்ட்டி போனதும் அம்மா அறைக்குள் வந்தாள். நான் கட்டில் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரு?"

"யாரு என்னாம்மா?"

"நடிக்காத. யாருன்னு கேக்குறேன். அந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல யாரு?"

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெம்பே இல்லாமல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பே அம்மாவுக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றோடு பள்ளிக்கூடம் இல்லை, கெம்பல் ஸ்ட்ரீட் இல்லை. தோழி இரண்டு முறை வந்தாள். வாசல் இரும்புக் கதவைத் திறக்காமலே அம்மா அனுப்பிவிட்டாள். டாக்டரிடம் போகலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். "போயி? அவரு வெளிய வந்து நாலு பேருக்கு முன்னால சொல்லணுமா?" என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

டாக்டருக்குப் பதிலாக, பிள்ளைப்பேறு பார்க்கும் ஒரு மலாய்க்கார அம்மாளை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் அக்காவின் வயிற்றில் எண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் மலாயில் சொன்னாள்: ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லை. ஆனால் இந்தப் பெண் ரொம்ப மெலிந்திருக்கிறாள், மூச்சு சரியில்லை, கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டு.

அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். ஒன்றும் இல்லை என்ற சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் அழுதாள். அதற்குப் பின்னால் வந்த சொற்கள் அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவின் தலையைத் தடவினாள். "தீபாவளி முடியட்டும், டாக்டர்கிட்ட போலாம்," என்றாள். அலமாரியைத் திறந்து இரண்டு நெய் உருண்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பிவிட்டாள். அவளுக்குப் பசி போயிருந்தது. "பாத்தியா, சரியாயிருச்சு," என்றாள் அம்மா.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்க்க அக்கா எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் கண்ணைத் திறந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. ஓடி வந்தவள்போல் ஆழமாக, சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். புதுச்சட்டை கட்டில் தலைமாட்டில் மடித்தபடி இருந்தது. அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டார். "கனமே இல்லையே," என்றார். இரண்டு முறை சொன்னார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பதினோரு மாடியும் படியில் இறங்கினார். கீழே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கணவர் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இளம் டாக்டர் ஒருவர் வந்து அப்பாவைத் தாழ்வாரக் கோடிக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் பேசினார். எவ்வளவு நாளாய் என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா விரலை மடக்கி வாரங்களை எண்ணிக் காட்டியதைப் பார்த்தேன். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வருகிற நேரத்தில், அக்கா போய்விட்டாள்.

"மூளைக் காய்ச்சல்," என்றார் அப்பா. அம்மாவிடமும் பூசாரியிடமும் வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னார். பொய் என்று அறியாமல் நான் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் சொன்னதும் அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா அக்காவின் நோட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டுபோய் மாடிக் கோடியில் இருந்த குப்பைக் குழாயில் போட்டாள். பேயை வரைந்ததால்தான் பேய் வந்தது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டம் போட்ட நோட்டும் அதில் போயிற்று. பதினோரு மாடியும் அது உரசிக்கொண்டு இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஃபிளாப்பி தோழியிடம் இருந்தது. வெகுகாலம் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து அவள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பெட்டியைத் திறந்து பார்த்ததில் தட்டெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது, சுத்தம் செய்யக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட வரவில்லை என்று. அந்த அப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தாள். இல்லை, அதனால் இல்லை என்று பதில் எழுதினேன். அப்போது எனக்குக் காரணம் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கெலுகோரில் ஒரு கிளினிக்குக்குப் போவேன். எல்லாருக்கும் செய்வதுபோல் எனக்கும் சீனிச் சோதனை செய்தார்கள். முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு படம். பிள்ளைகளுக்கு வரும் சீனி வியாதியின் அடையாளங்கள் என்று மலாயில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சித்திரம். தாகம். அடிக்கடி சிறுநீர். அடங்காத பசி. உடம்பு மெலிதல். மூச்சில் பழவாசனை. தாதி என் பெயரைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டார்.

அன்றைக்கே பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் அப்போது அங்கே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் போயிருந்தார்கள். அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, படத்தில் பார்த்ததைச் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே டாக்டர் சொன்னாரு," என்றார். "ஒரு மாசத்துக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தா ஊசி போட்டே வச்சிருக்கலாம்னாரு. தெனமும் ஊசி. ஆனா இருந்திருப்பா."

"ஏம்பா சொல்லல?"

"யாருகிட்ட? ஒங்கம்மாகிட்டயா? பூட்டு போட்டது அவ. புள்ளயப் பாத்து யாருன்னு கேட்டது அவ. இதச் சொன்னா அடுத்த நாளு அந்தப் பதினோராவது மாடியில அவளை எப்படிம்மா தனியா விட்டுட்டு வேலைக்குப் போறது?" அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நானும்தான் பேப்பர் படிச்சிட்டு ஒக்காந்திருந்தேன்," என்றார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"ஒனக்கு எதுக்கு அந்தப் பாரம்? நீ சின்னப் புள்ள. நீ என்னா செஞ்ச, பாவம்."

என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். இத்தனை வருஷமாக என்னை ஒருத்தியையாவது காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அதை நான் தொடவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, அம்மாவும் போய்விட்டாள். சீனி தூக்கலான சிராப், தினம் ஒரு பை, சில நாள் இரண்டு பை என்று முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்று உள்ளேயிருந்து அம்மா, சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அப்பாவும் நானும் எழுந்து போனோம். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று அம்மா மேலும் மேலும் வைத்தாள். அவ்வளவையும் சாப்பிட்டேன்.